கால் மணி நேரத் தையல்: பிடிதுணி, சுருக்குப்பை, ஒட்டுத்துணி விரிப்பு

தையல் கற்றுக்கொள்ள நினைக்கும் அம்மாக்களில் பலர் நேராக ஜாக்கெட்டில் இறங்கிவிடுகிறார்கள். கை வளைவு, உடம்போடு பொருந்தப் பிடிக்கும் டாட் மடிப்பு, கழுத்துப் பட்டி, கொக்கி என்று அதில் இருப்பதெல்லாம் கடினமான வேலை. கால் அங்குலம் பிசகினாலும் போட முடியாது. பிள்ளைகளைக் கிளப்பி, சமைத்து, வேலைக்கும் போய்வருபவருக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் கிடைப்பதே அபூர்வம். பாதியில் நின்ற ஜாக்கெட் பீரோவுக்குள் போய்விட்டால் மறுபடி வெளியே வராது.

முதல் வேலை நேர்கோட்டுத் தையலாக இருக்க வேண்டும். உடம்பளவு தேவைப்படக் கூடாது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் கெட்டுப்போகக் கூடாது. சட்டி இறக்கும் பிடிதுணி, சுருக்குப்பை, ஒட்டுத்துணி விரிப்பு மூன்றும் அப்படிப்பட்டவை. இதே வரிசையில் செய்யுங்கள். பிடிதுணி சில இரவுகளில் முடிந்து, மறுநாள் காலையே அடுப்படியில் கைக்கு வந்துவிடும். தையலின் சந்தோஷத்தில் பாதி, முடித்த பொருளைப் புழங்கும்போதுதான் கிடைக்கிறது. அதனால்தான் சீக்கிரம் முடிகிற வேலையை முதலில் வைத்திருக்கிறோம்.

துணி

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். பழைய பருத்திப் புடவை, வேட்டி, கைலி, நைந்த டர்க்கி டவல் இவை போதும். தெருமுனை டெய்லரிடம் கேட்டால் ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை ஒரு பை நிறையக் கொடுப்பார். புதிதாக வாங்குவதானால் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலை, புதுச்சேரியில் நேரு வீதியும் பெரிய மார்க்கெட்டும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள் துணிக் குவியல்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வரலாம்.

புதியவர்களுக்கு நாங்கள் முதலில் கையில் கொடுக்க விரும்புவது கட்டம் போட்ட பருத்திக் கைலி. கடலூர் மாவட்டத்தில் குறிஞ்சிப்பாடி கைலி நெசவுக்குப் பேர்போன ஊர் என்பதால் நம் பக்கத்து வீடுகளில் பழைய கைலிக்குப் பஞ்சமில்லை. கட்டம் நெய்ததாக இருந்தால் துணியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியும். கோடுகள் இழையோடு நேராக ஓடும். அந்தக் கோட்டின் மேலேயே வெட்டலாம், அதன் மேலேயே தைக்கலாம். ஸ்கேலும் டெய்லர் சாக்கும் இல்லாமலே நேர்கோடு வந்துவிடும். அச்சடித்த கட்டத்தை நம்பாதீர்கள். அது இழைக்குச் சாய்வாக ஓடக்கூடும்.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் நாலு இழை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு பொடிச் சாம்பல் ஆனால் பருத்தி. உருகிச் சுருண்டு கெட்டி மணியாக நின்றால் பாலியஸ்டர். விரிப்புக்குக் கலப்புத் துணி பரவாயில்லை. பிடிதுணிக்கு மட்டும் கூடவே கூடாது. சூடான சட்டியில் பட்டால் உருகிக் கையில் ஒட்டும்.

புதுத் துணியை வெட்டுவதற்கு முன் கட்டாயம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். நனைக்காத பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும். பழைய துணியும் புதுத் துணியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் புதியது மட்டும் சுருங்கித் தையலை இழுத்து, விரிப்பு முழுக்க அலை அலையாகிவிடும். சிவப்பு, மெரூன், கருநீலத் துணிகளைத் தனித்தனி வாளியில் ஊறவையுங்கள். தண்ணீர் தெளிவாக வரும்வரை மாற்றுங்கள். உப்புப் போட்டால் சாயம் நிற்கும் என்பார்கள். இன்றைய சாயங்களுக்கு அது பெரிதாக உதவாது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போன 'கினே' துணி முழுக்க அவுரி நீலம். அந்த அவுரி இன்றும் கைத்தறிக் கடைகளில் கிடைக்கிறது, பார்க்க அழகுதான். ஆனால் எத்தனை முறை அலசினாலும் உரசினால் கொஞ்சம் நீலம் ஒட்டும். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

கருவிகள்

துணிக்கென்றே ஒரு கத்தரிக்கோல் வேண்டும். பிள்ளைகள் அதில் அட்டை வெட்டினால் வாய் மழுங்கித் துணியைக் கடிக்கும். இன்ச் டேப், குண்டூசி, டெய்லர் சாக் அல்லது பென்சில், வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பருத்தி நூல், நடுத்தர அளவில் கை ஊசி நாலைந்து போதும். சாம்பல் நூல் எல்லா நிறத்தோடும் ஒத்துப்போகும். கை ஊசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். மிஷின் ஊசியில் எண் கூடினால் பருக்கும். சாதாரணப் பருத்திக்கு மிஷினில் 14, மூன்று அடுக்கு விரிப்புக்கு 16.

மிஷின் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மூன்றையும் கையாலேயே முடிக்கலாம். கை ஊசியில் சத்தமில்லை. குழந்தை தூங்கும்போது தைக்கலாம். புயல் நாளில் கரண்ட் போனாலும் பகல் வெளிச்சம் இருந்தால் வேலை நடக்கும்.

கடற்காற்று ஊசிக்கு எதிரி. நம் ஊரில் திறந்து வைத்த ஊசி சில வாரங்களிலேயே துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஊசி துணியில் பழுப்புக் கறை விடும், இழையைச் சிக்கி இழுக்கும். ஒரு துளி மிஷின் ஆயில் தடவிய கம்பளித் துண்டில் குத்தி, இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். எடுத்ததும் கழிவுத் துணியில் இரண்டு முறை குத்தி எண்ணெயைத் துடைத்துவிட்டுத் தைக்க வேண்டும். மிஷினை ஒரு வாரத்துக்கு மேல் தொடமாட்டீர்கள் என்றால் ஊசியைக் கழற்றி, எண்ணெய் விட்டு, துணியை அழுத்தும் பாதத்தின் அடியில் ஒரு பருத்தித் துண்டை வைத்து மூடிவையுங்கள்.

குண்டூசியை எண்ணி வைத்துக்கொள்வது சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் தவிர்க்க முடியாத பழக்கம். பத்து எடுத்தால் பத்தும் திரும்ப டப்பாவுக்குள் வந்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று இருந்தால் தரையில் விழுந்ததைத் துழாவி எடுக்கலாம்.

வேலையைப் பிரிப்பது

ஒரே நாளில் வெட்டி, இஸ்திரி போட்டு, தைக்க முயல வேண்டாம். வெட்டுவது ஒரு நாள், குத்தி வைப்பது ஒரு நாள், தைப்பது அடுத்த நாள். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அடுத்த தையலுக்கான இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் குத்தி, ஊசியில் நூல் கோர்த்து, எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டின்னில் வைத்து மூடுங்கள். மறுநாள் கிடைக்கும் கால் மணி நேரத்தில் பத்து நிமிடம் கத்தரிக்கோலைத் தேடுவதிலேயே போய்விட்டால் எரிச்சல்தான் மிஞ்சும். டின்னைத் திறந்ததும் தைக்க முடிய வேண்டும்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு முழம் 18 அங்குலம். அதற்கு மேல் நீண்டால் ஒவ்வொரு இழுப்பிலும் முறுக்கேறி முடிச்சு விழும். துணிக்குள் திரும்பத் திரும்ப நுழைந்து நூலும் நைந்துபோகும்.

பிடிதுணி

மேல்துணி 8 அங்குலச் சதுரம் இரண்டு. டர்க்கி டவல் 7 அங்குலச் சதுரம் இரண்டு. தொங்கவிட 4 அங்குல நாடா ஒன்று.

மேல்துணி ஒன்றின் உள்பக்கத்தில், நான்கு பக்கமும் அரை அங்குலம் விட்டு, டவல் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நடுவில் வையுங்கள். பிறகு பிரித்துவிடக்கூடிய நீள ஓட்டுத்தையலால் (ஊசியை மேலும் கீழுமாக விட்டு முன்னே ஓட்டிப்போகும் தையல்) பிடித்துக்கொள்ளுங்கள். இதன் நல்ல பக்கத்தின் மேல் இரண்டாவது மேல்துணியை, நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டியிருக்கும்படி வையுங்கள். நாடாவை இரண்டாக மடித்து ஒரு மூலையில் வளையம் உள்நோக்கி இருக்கும்படி நடுவே செருகுங்கள். டவலின் ஓரத்தை ஒட்டி, ஆனால் டவலின் மேல் ஏறாமல், சுற்றித் தையுங்கள். ஒரு பக்கத்தின் நடுவில் 3 அங்குலம் திறந்து விட வேண்டும். மூலைகளில் தையலை வெட்டிவிடாமல் துணியை முக்கோணமாக நறுக்குங்கள். திறப்பு வழியாகப் புரட்டி, மழுங்கிய பென்சிலால் மூலையைத் தள்ளி, திறப்பை ஹெம்மிங் செய்து (மடித்த ஓரத்தைச் சின்னச் சின்னச் சாய்தையலால் பிடித்து) மூடுங்கள். கடைசியாக மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு எல்லா அடுக்கையும் சேர்த்துத் தைத்து, தற்காலிகத் தையலைப் பிரித்துவிடுங்கள்.

டவலையும் 8 அங்குலமாகவே வெட்டித் தையலுக்குள் சேர்ப்பதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. நாலு அடுக்கு தடித்து, ஊசி வளையும். புரட்டிய பின் மூலை உருண்டையாக நிற்கும். குறுக்குத் தையலை விட்டுவிட்டால் துவைக்கும்போது டவல் உள்ளே சுருண்டுகொள்ளும். இன்னொன்று: ஈரமான பிடிதுணியால் சட்டி இறக்காதீர்கள். ஈரம் சூட்டைச் சட்டென்று கைக்குக் கடத்திச் சுட்டுவிடும். அதனால் இரண்டாகத் தைத்து, ஒன்று காயும்போது மற்றதைப் புழங்குங்கள்.

சுருக்குப்பை

8 அங்குல அகலம், 22 அங்குல நீளத்தில் ஒரு துண்டு. 22 அங்குல நாடா இரண்டு. இவ்வளவுதான். பல்லாங்குழிச் சோழி, தலைக் கிளிப், கிரேயான், பயணத்துக்கு மருந்து என்று எதையும் போட்டு வைக்கலாம்.

நீளப் பக்கங்களின் நான்கு முனைகளிலும் 3 அங்குல தூரத்துக்கு மட்டும் ஓரத்தைக் கால் அங்குலமாக இரண்டு முறை உள்ளே மடித்துத் தையுங்கள். பிறகு பையின் வாயாக வரும் இரண்டு அகல ஓரங்களில் ஒவ்வொன்றையும் கால் அங்குலம் மடித்து, மறுபடி 1¼ அங்குலம் மடித்து, கீழ் விளிம்பை ஒட்டித் தையுங்கள். நாடா ஓடும் குழாய் தயார். நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி பையை இரண்டாக மடித்து, குழாய்க்குக் கீழே ஆரம்பித்து அடிவரை இரு பக்கமும் அரை அங்குலத்தில் தையுங்கள். நாடா நுனியில் சேஃப்டி பின் குத்தி, ஒன்றை இடப்பக்கம் நுழைத்து இரண்டு குழாயையும் சுற்றி அதே பக்கம் வெளியே எடுங்கள். மற்றதை வலப்பக்கத்திலிருந்து அப்படியே. முடிச்சுப் போட்டு இரு பக்கமும் இழுத்தால் பை சுருங்கும். பக்கத் தையலைக் குழாய் வாய்க்கு மேலே கொண்டுபோனால் வழி அடைபடும். நாடா நுழையாமல் போனால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

ஒட்டுத்துணி விரிப்பு

இதுதான் மெதுவாக, ரசித்துச் செய்ய வேண்டிய வேலை. குவில்ட் என்று பெரிதாகச் சொன்னாலும் அடிப்படை மூன்று அடுக்குதான்: துண்டுகள் சேர்த்த மேல்துணி, நடுவில் ஒரு மெத்து, அடியில் ஒரு துணி. மூன்றையும் ஊடுருவி ஓடும் ஓட்டுத்தையல்தான் அவற்றைப் பிடித்து வைக்கிறது. வங்காளத்துக் காந்தாவும் பழைய புடவை அடுக்குகளை இப்படி ஓட்டுத்தையலால் சேர்த்ததுதான்.

முதல் விரிப்பு 36 அங்குலச் சதுரத்துக்கு மேல் வேண்டாம். 4½ அங்குலச் சதுரங்கள் 81 வெட்ட வேண்டும். காலண்டர் அட்டையிலோ பழைய எக்ஸ்ரே பிலிமிலோ அச்சு ஒன்று துல்லியமாக வெட்டிக்கொண்டு, அதை வைத்தே எல்லாவற்றையும் வரையுங்கள். முந்தைய துண்டை அச்சாக வைத்து அடுத்ததை வெட்டினால் ஒவ்வொன்றும் ஒரு நூல் பெரிதாகிக்கொண்டே போகும். 36 அங்குல அகலத் துணியில் கரையை நீக்கினால் வரிசைக்கு 7 சதுரம், ஒரு மீட்டரில் 8 வரிசை வரும். ஆகவே அடர்நிறத்தில் ஒரு மீட்டர், வெளிர்நிறத்தில் ஒரு மீட்டர் தாராளம். துண்டுத் துணிகளில் செய்வதானால் அடர்த்தி, வெளிர் என்று இரண்டு குவியலாகப் பிரியுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் எது எந்தக் குவியல் என்று தெரிந்துவிடும்.

ஒன்பது சதுரம் ஒரு கட்டம். மொத்தம் ஒன்பது கட்டம். ஐந்து கட்டங்களில் மூலைகளும் நடுவும் அடர்நிறம், மீதி நான்கில் மூலைகளும் நடுவும் வெளிர்நிறம். இந்த இரண்டு வகையையும் மாறி மாறி வையுங்கள். எல்லாக் கட்டங்களையும் ஒரே மாதிரி வைத்தால் இரண்டு கட்டம் சேரும் இடத்தில் அடர்நிறத்துக்குப் பக்கத்தில் அடர்நிறமே வந்து சதுரங்கப் பலகை அமைப்பு உடைந்துவிடும். அடர்நிறம் 41, வெளிர்நிறம் 40 சதுரம் தேவைப்படும். கால் மணி நேரத்தில் மூன்று சதுரத்தைச் சேர்த்து ஒரு வரிசையாக்கலாம். அவசரமே இல்லை.

தையல் ஓரம் கால் அங்குலம். இதில்தான் எல்லாமே இருக்கிறது. வரிசைக்கு எட்டுத் தையல். ஒவ்வொன்றிலும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு அதிகமாகப் பிடித்தாலும் இரண்டு துண்டிலும் அது குறைவதால் வரிசை ஒரு அங்குலம் குட்டையாகிவிடும். அடுத்த வரிசையின் மூலையோடு சேராது. மிஷினின் பாதம் கால் அங்குலம் என்று நம்பிவிடாமல் ஊசியிலிருந்து அளந்து, தட்டில் ஒரு டேப் துண்டு ஒட்டுங்கள். கையால் தைப்பவர்கள் உள்பக்கத்தில் பென்சில் கோடு போட்டு அதன் மேல் ஓட்டுத்தையல் ஓட்டி, நாலைந்து தையலுக்கு ஒரு முறை ஒரு தையல் பின்னால் வந்து முன்னேற வேண்டும். வெறும் ஓட்டுத்தையல் இழுத்தால் பிரியும்.

ஒவ்வொரு தையலையும் முடித்ததும் ஓரத்தை அடர்நிறத் துணியின் பக்கம் சாய்த்து இஸ்திரி போடுங்கள். அடர்நிறமும் வெளிர்நிறமும் மாறி மாறி வருவதால் அடுத்தடுத்த வரிசைகளில் ஓரங்கள் எதிரெதிராகச் சாயும். சேர்க்கும்போது இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டு மூலை நச்சென்று பொருந்தும். இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். இழுத்தால் சதுரம் சாய்ந்துவிடும்.

நடுவே கடையில் விற்கும் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் நம் ஊர் புழுக்கத்துக்கு ஆகாது. பழைய வேட்டி இரண்டு மடிப்பு போதும். தடிமன் கூடினால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காயாமல் நாற்றம் அடிக்கும். அடித்துணிக்குப் பழைய புடவையோ கைலியோ 40 அங்குலச் சதுரம்.

தரையில் அடித்துணியை உள்பக்கம் மேலே தெரியும்படி விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், விறைப்பாக இழுக்க வேண்டாம். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் சுருங்கி மேல்துணி புடைத்துக்கொள்ளும். அதன் மேல் வேட்டி, அதன் மேல் மேல்துணி. நடுவிலிருந்து வெளியே போகும்படி 4 அங்குல இடைவெளியில், கடைசியில் பிரித்துவிடக்கூடிய நீளத் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் துணியெல்லாம் நடுவில் கூடி மடிப்பு விழும். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் வேண்டும். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போது செய்யுங்கள்.

பிறகு சதுரங்களின் ஊடே மூலைக்கு மூலை சாய்கோடாக ஓட்டுத்தையல். இதுவும் நடுவிலிருந்துதான். அங்குலத்துக்கு ஐந்தாறு தையல் வந்தால் நல்ல ஆரம்பம். சிறியதாக இருப்பதைவிட ஒரே அளவாக இருப்பது முக்கியம். முடிச்சை மேல்துணிக்குள் லேசாக இழுத்து மறைத்துவிடலாம். மிஷினில் தைத்தால் அங்குலத்துக்கு எட்டுத் தையல் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் மேல்துணியும் வேட்டியும் ஒரே அளவாக இருக்கும்படி நறுக்கி, அடித்துணியை மட்டும் சுற்றிலும் 1 அங்குலம் கூடுதலாக விடுங்கள். அதை அரை அங்குலம் மடித்து, மறுபடி மடித்து மேல்துணியின் மேல் கொண்டுவந்து ஹெம்மிங் செய்தால் பார்டர். தனிப் பட்டை வெட்டி ஓரம் கட்டுவது இன்னும் உறுதி. இரண்டாவது விரிப்பில் முயலுங்கள்.

அளவெடுப்பதே பிடிக்காதவர்களுக்கு வேறு வழியும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்துச் சித்தி இனப் பெண்கள் 'கவந்தி' தைக்கிறார்கள். பழைய புடவையின் ஓரத்தில் ஆரம்பித்து, கையில் கிடைத்த துண்டுகளை ஓரம் மடித்து வைத்து வைத்து, ஓட்டுத்தையலாலேயே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். மூலைகளில் மடித்த துணிப் பூ ஒன்று இருக்கும். அச்சும் வேண்டாம், கால் அங்குலக் கணக்கும் வேண்டாம்.

இந்த விரிப்பு கைக்குழந்தை தரையில் விளையாட, பள்ளிப் பிள்ளை உட்கார்ந்து எழுத. ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை தூங்கும்போது மேலே போர்த்தவோ பக்கத்தில் தளர்வாக விடவோ வேண்டாம், முகத்தை மூடிவிடும். பட்டன், மணி, லேஸ் எதுவும் தைக்காதீர்கள்.

மிஷின் தகராறு செய்தால்

அடியில் நூல் கொத்தாகச் சுருண்டால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவார்கள். பெரும்பாலும் தப்பு மேல்நூலில். பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டு நூல் கோர்த்தால் நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவே நூல் உட்காராது. பாதத்தைத் தூக்கி மறுபடி முதலிலிருந்து கோர்க்கவும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசி வளைந்திருக்கும், மழுங்கியிருக்கும், அல்லது திருப்பி மாட்டப்பட்டிருக்கும். ஊசியின் நீளப் பள்ளம் உள்ள பக்கத்திலிருந்துதான் நூல் காதுக்குள் போக வேண்டும். மேல்நூல் அடிக்கடி அறுந்தால் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், நூலும் பழையதா என்று பாருங்கள். ஈரத்தில் கிடந்த பருத்தி நூல் கையால் இழுத்தாலே அறும்.

துவைப்பதும் ஒட்டுப்போடுவதும்

முதல் இரண்டு துவைப்பு தனியாக, குளிர்ந்த தண்ணீரில், முறுக்கிப் பிழியாமல். மழைக்காலத்துக்கு முன் நன்றாக வெயில் காட்டி மடித்து வையுங்கள். கஞ்சி போட்டு வைத்தால் பூஞ்சை பிடிக்கும், பூச்சியும் வரும். குழந்தைத் துணிக்கு அந்துருண்டை வேண்டாம். காய்ந்த வேப்பிலை போதும். எந்தச் சதுரமாவது நைந்தால் அதைப் பிரிக்காமல், 5 அங்குலச் சதுரம் ஒன்றை ஓரம் மடித்து அதன் மேலேயே வைத்து ஹெம்மிங் செய்து, பழைய ஓட்டுத்தையல் போன பாதையிலேயே ஒரு கோடு ஓட்டிவிடுங்கள்.